ஏழு டிப்ஸ் எழுதிய நானும் அழுகிப்போன அல்லிக் கிழங்கும்

"நீங்கள் அல்லி வளர்த்திருக்கிறீர்களா?"

சென்ற ஆண்டு ஜூன் மாதம் எனக்கு வந்த ஒரு மெயில் இந்தக் கேள்வியோடு முடிந்திருந்தது. அனுப்பியவர் ஒரு வாசகி. பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். கோபமாகக்கூட எழுதவில்லை, கணக்கு ஒப்பிப்பதுபோல எழுதியிருந்தார். "உங்கள் கட்டுரையில் சொன்னபடி தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி கலந்து கிழங்கை நட்டேன். மூன்றாம் நாள் நார் எல்லாம் மேலே மிதந்தது. பத்தாம் நாள் தண்ணீர் நாறியது. கிழங்கை எடுத்துப் பார்த்தேன், விரலோடு கரைந்து வந்தது. 350 ரூபாய்க்கு வாங்கியது." அதற்குக் கீழேதான் அந்தக் கேள்வி.

'வீட்டிலேயே அல்லி வளர்க்கலாம்... ஏழு எளிய டிப்ஸ்!' என்ற அந்தக் கட்டுரையை அந்த ஏப்ரலில் எழுதியது நான்தான். காலை ஷிஃப்ட். டெஸ்க்கில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஆறு மணிக்கு உட்கார்ந்தால் எட்டுக்குள் ஒரு லைஃப்ஸ்டைல் ஸ்டோரி ஏறியாக வேண்டும். நாலு இடத்தில் படித்து, கலந்து, நாற்பது நிமிஷத்தில் முடித்தேன். டிப்ளமோ படிக்கும்போது 'சம்பந்தப்பட்டவரிடம் பேசாமல் எழுதாதே' என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செடிக்குச் சம்பந்தப்பட்டவர் யார் என்று நான் யோசிக்கவில்லை.

பதில் எழுத உட்கார்ந்தேன். 'மன்னிக்கவும்' என்பது சுலபமாக வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று டைப் செய்யத்தான் விரல் வரவில்லை. மெயிலை மூடிவிட்டேன்.

அடுத்த வார விடுமுறையில் ஈ.சி.ஆர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போனேன். அல்லி வேண்டும் என்றதும் அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "மாடியில வெயில் எத்தனை மணி நேரம் விழும்?" ஐந்து, ஆறு மணி நேரம் நேரடி வெயில் விழுந்தால் எடுத்துப் போ, இல்லாவிட்டால் இலை மட்டும்தான் வரும், பூ வராது என்றார். என் கட்டுரையில் மூன்றாவது டிப்ஸ்: 'வரவேற்பறை, பால்கனி என எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.'

மொபைலில் கட்டுரையைத் திறந்து காட்டினேன், யார் எழுதியது என்று சொல்லாமல். அவர் படிக்கவேயில்லை. படத்தைப் பார்த்துவிட்டு, "இது தாமரைம்மா" என்றார்.

தாமரை இலை முழு வட்டம். வளர்ந்த இலை தண்ணீரை விட்டு எழுந்து நிற்கும், மேலே விழும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடும். அல்லி இலையில் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் ஒரு பிளவு இருக்கும், தண்ணீரோடு படுத்தே கிடக்கும். நம் ஊர் போன்ற வெப்ப நாட்டு அல்லி என்றால் இலை ஓரம் பல் பல்லாக இருக்கும், பூ தண்ணீர் மட்டத்துக்கு மேலே தண்டில் நிமிர்ந்து நிற்கும். குளிர் நாட்டு வகைகளில் பெரும்பாலும் பூவும் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கும், நீல நிறத்தைப் பார்ப்பதும் அரிது. இதெல்லாம் அன்றைக்கு அந்த நர்சரியில், சேற்றுத் தொட்டிகளுக்கு நடுவே நின்றபடி நான் கற்றுக்கொண்டது.

அவர் கொடுத்தது வெளிர் நீலப் பூ பூக்கும் சின்ன ரகம். 'டாபென்' என்றார். ஆக்ஸ்ஃபோர்டில் தாவரவியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் டாபெனியின் பெயர் அது என்று பிறகு படித்தேன். "இது இலையிலேயே குட்டி போடும்" என்றார். வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இரண்டு தடைகள். ஒன்று, ஹவுஸ் ஓனர் சார். மாடியில் பாதியாக வெட்டிய நீல டிரம் வைக்கப்போகிறேன் என்றதும், "நிரப்பினா எவ்வளவு வெயிட் வரும்?" என்றார். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, மண் தனி. நியாயமான கேள்விதான். கடைசியில், கீழே சுவர் வரும் மூலையாகப் பார்த்து அவரே இடம் காட்டினார்.

இரண்டாவது, அப்பத்தா. சிவகங்கைப் பக்கம். தாத்தா போன பிறகு எங்களோடு வந்தவர். சென்னை வீட்டில் அவருக்கு வேலை என்று ஒன்றும் இல்லை, டி.வி-யும் பிடிக்காது. செடியைப் பார்த்ததும், "காசு குடுத்தா வாங்குன? அல்லியவா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர் இரவுச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. அவர் ஊர்க் கண்மாயில் அல்லி தானாகப் பூத்துக் கிடக்குமாம். சாயங்காலம் விரிந்து, மறுநாள் வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும் ஜாதி. பிள்ளைகள் விடியற்காலையில் இறங்கிப் பறித்து, தண்டை முறித்து முறித்து நாரோடு உரித்து மாலையாகப் போட்டுக்கொள்வார்களாம், பூ பதக்கம் மாதிரி நெஞ்சில் தொங்குமாம்.

மண் கலக்கும்போது நார்த்தூள் மூட்டையை எடுத்தேன். அது தப்பு என்று வாசகி எழுதிய பிறகும், கொஞ்சம் போட்டால் என்ன என்று ஒரு சபலம். அப்பத்தா மூட்டையைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். "கண்மாய்க்குள்ள எவன்த்தா நாரு போட்டான்? சேறுல்ல இருக்கு!"

அவ்வளவுதான் விஷயம். அல்லிக்கு வேண்டியது ஒட்டுகிற களிமண். நார்த்தூள், மட்கு உரம் எல்லாம் தண்ணீருக்கடியில் மிதக்கும் அல்லது காற்றில்லாமல் புளித்து அழுகும். கிழங்கும் கூடவே போகும். துளையில்லாத ஓர் அகலமான பேசினில் களிமண்ணைப் போட்டு, குருத்து மண்ணுக்கு மேலே தெரிகிற மாதிரி நட்டு, மண் கலையாமலிருக்க மேலே ஆற்று மணல் பரப்பி, அந்தப் பேசினை டிரம்முக்குள் இறக்க வேண்டும். ஆரம்பத்தில் குருத்துக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் போதும். இலை நீளநீளத் தண்ணீரை ஏற்றலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது, முக்கியமாக மீன் விடுவதாக இருந்தால்.

ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சைப் பசேல் என்று ஆனது. என் ஐந்தாவது டிப்ஸ் 'வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றவும்'. மாற்றினேன். மறுபடி பச்சை. மறுபடி மாற்றினேன். மூன்றாவது முறை மக்கோடு மாடி ஏறியபோது முட்டி வலியோடு பின்னாலேயே வந்து நின்ற அப்பத்தா, "தண்ணியத் தெளிய விட மாட்டியா நீயி?" என்று சத்தம் போட்டார். புதுத் தண்ணீர் ஊற்ற ஊற்றப் பாசிக்குத்தான் புதுச் சாப்பாடு. இலைகள் பெருகித் தண்ணீரின் மேல்பரப்பில் பாதிக்கு மேல் மூடியதும் வெயில் உள்ளே போகாமல் பாசி தானே அடங்கியது. ஆவியாகிற அளவுக்கு ஊற்றினால் போதும்.

கொசுவுக்காகக் கப்பி மீன் எட்டு விட்டிருந்தேன். (டிரம்மில் விடலாம். ஏரி, குளத்தில் கொண்டுபோய் விடக் கூடாது, அங்கிருக்கும் நம் ஊர் மீன்களுக்கு ஆபத்து.) கொசு ஒழிப்புக்காக வீடு வீடாக வரும் அக்கா ஒருநாள் மாடிக்கு வந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மீன் இருக்கு, இதுல ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு நான் டிரம் பக்கத்திலேயே மறந்து வைத்திருந்த மக்கைக் கவிழ்த்தார். அதில் நெளிந்துகொண்டிருந்தது, ஒரு குடும்பமே. "இத்தினிக்கூண்டு தண்ணி போதும் பாப்பா அதுங்களுக்கு."

உரத்தில் நான் செய்த தவறை மட்டும் வேறு யார் தலையிலும் போட முடியாது. மாதம் ஒருமுறை ஒரு டீஸ்பூன் டி.ஏ.பி-யைச் செய்தித்தாளில் மடித்து, வேருக்குச் சற்றுத் தள்ளி மண்ணுக்குள் ஆழமாகப் புதைக்கச் சொல்லியிருந்தார் நர்சரி அண்ணன். ஆபீஸ் கேப் வாசலில் நின்று ஹாரன் அடிக்க, அவசரத்தில் மேலாக அமுக்கிவிட்டு ஓடினேன். சாயங்காலம் பொட்டலம் பிரிந்து மேலே கிடந்தது. எட்டு கப்பியில் மூன்றுதான் மிச்சம். 'ஆழமாக' என்ற ஒரு சொல் எவ்வளவு முக்கியம் என்று ஐந்து மீன்கள் செத்து எனக்குப் புரிந்தது. என் கட்டுரையில் உரம் பற்றி இருந்த வரி, 'அவ்வப்போது உரமிடவும்'.

ஆகஸ்ட்டில் முதல் மொட்டு. இங்கேதான் எனக்கு ஒரு சிக்கல். இந்த ரகம் பகலில் பூப்பது. காலை ஒன்பது மணிவாக்கில் விரிந்து, மதியம் மூன்று, நாலு மணிக்குள் மூடிவிடும். என் ஷிஃப்ட் ஆறிலிருந்து இரண்டு வரை. டிராஃபிக்கில் வீடு வந்து சேர்ந்து மாடி ஏறினால், மறுபடி மொட்டு. முதல் நாள் முழுப் பூவையும் பார்த்தது அப்பத்தா மட்டும். "நல்ல வாசம்த்தா. ஆனா உள்ள ஒரு தேனீ செத்துக் கிடந்துச்சு" என்றார்.

தேடிப் படித்தேன், இந்த முறை பொறுமையாக. ஓர் அல்லிப் பூ மூன்று, நான்கு நாள் விரிந்து மூடும். முதல் நாள் அது பெண் பூ. நடுவில் குளம் மாதிரி ஒரு திரவம் தேங்கியிருக்கும். வேறொரு பூவின் மகரந்தத்தோடு வரும் பூச்சி அதில் விழுந்தால் மகரந்தம் கழுவப்பட்டுப் பூ சூல் கொள்ளும். பூச்சி சில நேரம் தப்பிக்கும், சில நேரம் மூழ்கிவிடும். இரண்டாம் நாள் முதல் திரவம் இருக்காது, மகரந்தம் வெளிவரும். எல்லாம் முடிந்ததும் பூ தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும், காய்ப்பது அடியில்தான். அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். "அதான் வாடின அல்லிய மேல பாக்க முடியாது" என்றார், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோல.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். காரணம் கேட்ட சீஃப் சப் எடிட்டரிடம் 'பூ' என்று சொல்ல முடியாமல் தலைவலி என்றேன். (இதைப் படித்தால் மன்னிக்கவும் சார்.)

மழைக் காலத்தில் இலை சிறுத்துப் பூ நின்றது. இலைக்கடியில் அசுவினி அப்பியது. வேப்பெண்ணெய் தெளித்தால் மீனுக்கு ஆகாது என்று, அப்பத்தா ஒவ்வோர் இலையாகத் தண்ணீருக்குள் அமுக்கி அலசிவிடுவார், மீன்கள் வந்து தின்னும். தினமும் காலையில் அவருக்கு இது ஒரு வேலையானது. மாடிப்படி ஏறினால் முட்டி போய்விடும் என்று அப்பா திட்ட, "வீட்டுக்குள்ள உக்காந்தா மட்டும் போகாதா?" என்று கேட்டுவிட்டு ஏறுவார்.

பிப்ரவரி கடைசியில் ஓர் இலையின் நடுவில், தண்டு சேரும் இடத்தில், பச்சையாக ஒரு முடிச்சு. பத்து நாளில் அதிலிருந்து நகம் அளவில் குட்டி இலைகள். அடியில் வெள்ளை வேர். தாய் இலை மெதுவாகப் பழுத்து மக்க, குட்டி தனியாக மிதந்தது. நர்சரி அண்ணன் சொன்னது வியாபாரமில்லை.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தப் பழைய மெயிலைத் திறந்தேன். ஒன்பது மாதம் ஆகியிருந்தது. 'இல்லை அம்மா. அப்போது நான் வளர்த்ததில்லை. இப்போது வளர்க்கிறேன். என் ஏழில் நான்கு தப்பு' என்று தொடங்கி, எது எது என்று எழுதினேன். முகவரி கேட்டேன். அடுத்த நாள் டெஸ்க்கில் பழைய கட்டுரையைத் திறந்து திருத்தினேன். "வருஷம் ஆகப்போற ஸ்டோரியை ஏன்ப்பா தொடுற? யார் படிக்கப்போறா?" என்றார்கள். தேடி வந்து இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், எண்ணிக்கையைக் காட்டினேன். தாமரைப் படத்தை எடுத்துவிட்டு எங்கள் மாடிப் பூவின் படத்தை வைத்தேன். மேலே ஒரு வரி, என்னென்ன மாற்றப்பட்டது என்று.

குட்டியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, அப்பத்தா நூல் கட்டிக் கொடுக்க, கூரியரில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது: "கிடைத்தது. இலை பழுப்பாக இருக்கிறது. பார்க்கலாம்." அதற்கப்புறம் மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நானும் கேட்கவில்லை.

போன வாரம் ஒரு படம் வந்திருந்தது. சிமென்ட் தொட்டி, களிமண், இரண்டு புது இலை. கூடவே, "எங்கள் வீட்டில் வெயில் ஐந்து மணி நேரம்தான் விழுகிறது. பூக்குமா அம்மா?"

'கண்டிப்பாகப் பூக்கும்' என்று டைப் செய்தேன். பிறகு அழித்தேன். ஐந்து போதும் என்று நர்சரி அண்ணன் சொல்லியிருக்கிறார், எங்கள் மாடியில் ஆறு மணி நேரம் விழுகிறது, ஐந்தில் நான் பார்த்ததில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன்.