புற்றும் விளக்கும்

ஐப்பசி மழைக்குப் பின் ஆவூர்ப் பக்கம் செல்வோர் செம்மண் புற்றுகளைக் காணாமல் இருக்க முடியாது. மழை விட்ட இரவில் அவற்றினின்று ஈசல் புறப்படும். விளக்கு வைத்துப் பிடித்து, இறகு நீக்கி வறுத்து, பொரியுடன் கலந்து உண்பது புதுக்கோட்டைச் சீமையின் பழைய வழக்கம். மோரின் புளிப்போடு ஈசலைச் சமைத்த செய்தி புறநானூற்றிலேயே உண்டு. (திருமுழுக்கு யோவான் வெட்டுக்கிளி உண்டார் என்றதும் முகம் சுளிக்கும் நம் பிள்ளைகள் இதை அறிவது நல்லது.)

ஈசல் என்பது இறகு முளைத்த கரையானே. நிலக்கடலையையும் தைலமரக் கன்றையும் அரிக்கும் அதே கரையானுக்குத்தான் உழவர் மருந்திடுகின்றனர். முன்பு ஆல்டிரினும் பி.எச்.சி. தூளும் இட்டனர், அவை முறையே 1996, 1997ஆம் ஆண்டுகளில் தடைசெய்யப்பட்டன. பல்லாண்டு மண்ணில் தங்கி, உயிர்களின் கொழுப்பில் சேரும் நஞ்சுகள் அவை. ஈசலோ கொழுப்பு மிகுந்தது. பின்னர் குளோர்பைரிபாஸ் வந்தது. வறுத்தால் எல்லாம் போய்விடும் என்று நம்புவதற்கில்லை. 1988-89இல் குவைத்தில் உணவுக்கெனப் பிடித்த வெட்டுக்கிளிகளை ஆராய்ந்தபோது, அவற்றில் பூச்சிமருந்தின் எச்சம் காணப்பட்டது.

வழியில் ஒரு மூதாட்டியாரிடம் இதைச் சொன்னேன். "கொல்லைப் புத்துல பிடிக்கமாட்டோம் சாமி, அது மருந்து வச்ச மண்ணு. கம்மாக்கரைப் புத்துதான்" என்றார். அந்தக் கரையை ஒட்டித் தைலமரக் கன்றுகள் புதிதாக நடப்பட்டிருந்தன.