குச்சியும் அல்ல, குண்டும் அல்ல

பழைய சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் சித்தூரைத் தாண்டியதும் வருகிறது பலமனேர். தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்து புழங்கும் எல்லையோர ஊர். ஆனால் எந்த மொழிக்காரர் வீடானாலும் வளரும் பெண்ணுக்குக் கிடைக்கும் பட்டங்கள் இரண்டுதான். ஒன்று குச்சி, இல்லாவிட்டால் குண்டு.

இப்போது அந்த வேலையை செல்போனும் செய்கிறது. எடையையும் உயரத்தையும் தட்டினால் ஓர் எண் வருகிறது. பாடி மாஸ் இண்டெக்ஸ், சுருக்கமாக பி.எம்.ஐ. எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவது. 1830களில் இந்த விகிதத்தைக் கண்டறிந்த பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே டாக்டர் அல்ல, புள்ளியியல்காரர். இன்றைய பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ்.

பிரச்சினை, 18.5 முதல் 25 வரை சரி என்னும் அட்டவணை பெரியவர்களுக்கானது என்பதுதான். 13 வயதுப் பெண் ஒருத்தி 150 செ.மீ. உயரம், 38 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். பி.எம்.ஐ. 16.9. பெரியவர் கணக்கில் அவள் நோஞ்சான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவுகோலின்படி, அந்த வயதில் 14.9க்குக் கீழே போனால்தான் மெலிவு. அவள் தோழிக்கு 24 என்றால் பெரியவர் கணக்கில் குறையில்லை. வயதுக் கணக்கிலோ 21.8ஐத் தாண்டிவிட்டதால் அதிக எடை. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் வெளியிட்ட வரைபடம் இதைவிடக் கண்டிப்பானது. குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கும் உடல்வாகு நம்முடையது.

எண்ணைத் தவறாகப் படித்தால் நஷ்டம் பெண்ணுக்குத்தான். பூப்பெய்தும் பருவத்தில் இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது இயற்கை. அதைப் பார்த்து மிரண்டு இரவுச் சாப்பாட்டை நிறுத்தும் பெண்கள் உண்டு. உயரம் கூடுவதற்கு மிச்சமிருக்கும் சில ஆண்டுகள் அவை. மாதவிலக்கில் இரும்புச் சத்தும் கரைகிறது. பி.எம்.ஐ. சரியாக இருக்கும் பெண்ணுக்கும் ரத்தசோகை இருக்கலாம். அந்த எண் அதைச் சொல்லாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

ஒரு நாள் எடுத்த அளவை வைத்துத் தீர்ப்பு சொல்வதிலும் அர்த்தமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடத்தில் புள்ளி வைத்தால், கோடு சீராக ஏறுகிறதா, திடீரென்று சரிகிறதா அல்லது எகிறுகிறதா என்பது தெரியும். சரிந்தாலோ எகிறினாலோ டாக்டரிடம் போகலாம். சீராக ஏறினால், சித்தூர்ப் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கீரையும் வேர்க்கடலையும் முட்டையும் வழக்கம்போலத் தட்டில் விழட்டும். பட்டப் பெயர்கள் மட்டும் வேண்டாம்.