ஹாரி முலிஷும் ஒரு தோட்டக் கிராணியும்

பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஹாரி முலிஷின் ‘தி அசால்ட்’ நாவலை அங்கேதான் ஐந்து வெள்ளிக்கு வாங்கினேன். டச்சு எழுத்தாளர், தத்துவ நாவலாசிரியர் என்பதெல்லாம் அப்போது தெரியாது. மெல்லிய புத்தகம், பஸ்ஸில் படிக்கலாம் என்றுதான் எடுத்தேன்.

1945 ஜனவரி, ஹார்லெம் நகரம். ஜெர்மானியரோடு சேர்ந்துகொண்ட ஒரு போலீஸ் அதிகாரியை எதிர்ப்பு இயக்கத்தினர் தெருவில் சுட்டுக் கொல்கிறார்கள். பிணம் ஒரு வீட்டின் முன்னால் விழுகிறது. அந்த வீட்டுக்காரர்கள் அதை இழுத்துப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டுவிடுகிறார்கள். அவ்வளவுதான். ஜெர்மானியர் அந்தப் பக்கத்து வீட்டை எரிக்கிறார்கள். அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் கொல்லப்படுகிறார்கள். மிஞ்சுவது 12 வயது அன்டன். அவன் வளர்ந்து மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஆகிறான். (இந்த வேலையை அவனுக்குக் கொடுத்ததற்காகவே முலிஷுக்கு ஒரு கும்பிடு.) ஏன் எங்கள் வாசலில் போட்டார்கள்? பதில் முழுசாகக் கிடைக்க 1981 வரை ஆகிறது. அதை நான் சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள்.

முலிஷ் 1927இல் அதே ஹார்லெமில் பிறந்தவர். அம்மா யூதர். அப்பா ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்தவர். போர்க்காலத்தில், யூதர்களிடமிருந்து பறித்த சொத்துகளைக் கையாண்ட வங்கியில் வேலை பார்த்தார். அந்தப் பதவியால்தான் பிரிந்திருந்த மனைவியும் மகனும் முகாமுக்குப் போகாமல் தப்பினார்கள். தாய்வழிப் பாட்டி தப்பவில்லை. போர் முடிந்ததும் அப்பாவைச் சிறையில் போட்டார்கள். தானே இரண்டாம் உலகப் போர் என்று முலிஷ் சொல்லிக்கொள்வாராம். திமிர் என்று நினைத்தேன். திமிரும்தான். ஆனால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இதைப் பாட்டியிடம் ஒருநாள் கதையாகச் சொன்னேன். பாட்டியின் அப்பா செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் கிராணி. எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கிலீஷ் படித்தவர் என்று கல்யாண வீடுகளில் பெருமையாகப் பேசுவோம். பாட்டி கேட்டுவிட்டு, சாதாரணமாகச் சொன்னார்:

“சயாமுக்கு அனுப்ப ஆளுங்க பேரக் கேட்டான் ஜப்பான்காரன். அப்பாதான் எழுதிக் குடுத்தாரு. அதனாலதான் எங்கள விட்டான்.”

சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942, 43இல் போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள், பெரும்பகுதி திரும்பவில்லை. டச்சுக் கைதிகளும் அங்கே செத்தார்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டையும் படித்திருக்கிறேன். போனவர்கள் பக்கம் நின்று, அவர்கள் வீட்டுப் பையன் மாதிரி, கோபத்தோடு படித்தேன். பேர் எழுதியவர் வீட்டுப் பையன் என்று தெரிந்திருந்தால் எப்படிப் படித்திருப்பேன்?

பிறகுதான் முலிஷின் பெரிய நாவலான ‘தி டிஸ்கவரி ஆஃப் ஹெவன்’ (1992) படித்தேன். வானுலகத்தார் பத்துக் கட்டளைக் கற்பலகைகளைத் திரும்பப் பெறுவதற்காக மனிதர்களின் காதலையும் பிறப்பையும் திட்டமிடுகிறார்கள். தத்துவ விளக்கங்கள் சில இடங்களில் நீளும். இஞ்சினியர் மூளைக்குச் சில பக்கங்கள் தாண்டத்தான் வேண்டியிருந்தது. ஆனால் மாக்ஸ் என்ற வானியலாளரை விட முடியவில்லை. அவன் வேலை செய்யும் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கி உண்மையில் இருக்கிறது. 25 மீட்டர் அகல வட்டில்கள், மொத்தம் 14. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றிய முகாம் இருந்த இடம் அது.

மாக்ஸின் அப்பா தன் யூத மனைவியைச் சாவுக்கு அனுப்பியவர். முலிஷின் சொந்த அப்பா செய்ததற்கு நேர்மாறு. எனக்குப் புரிந்தவரை, அப்பா செய்த ஒரே நல்ல காரியத்தை நாவலில் எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் பார்க்க முலிஷ் முயன்றிருக்கிறார். அந்த நல்ல காரியத்தின் பலன் அவரேதான். அதை வைத்துக்கொண்டு அப்பாவை எப்படி எடைபோடுவது?

நானும் அதைப் பண்ணிப் பார்த்தேன். பாட்டியையும் அம்மாவையும் என்னையும் கழித்துவிட்டு அந்தக் கிராணியை நினைக்க முயன்றேன். முடியவில்லை.

போன மாதம் பாட்டியிடம் மறுபடி கேட்டேன். அந்தப் பட்டியலில் யார் பேராவது ஞாபகம் இருக்கா?

“பேரு தெரியல. நம்ம வீட்டுக்குத் தண்ணி தூக்குனவரும் அதுல இருந்தாரு.” கொஞ்சம் யோசித்தார். “அவரு போனப்புறம் அம்மாதான் தூக்குனாங்க.”