உடையவர் பொறுப்பு

ரயிலில் பார்சல் அனுப்பியிராத குடும்பம் நம் சங்கத்தில் அநேகமாக இராது. ஊருக்கு மோட்டார் சைக்கிள் அனுப்பியவர்கள் உண்டு. மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துக்குச் சீர்ச் சாமான் அனுப்பியவர்களும் உண்டு. சரக்கு ஏற்றுவதற்கு இரண்டு வகைக் கட்டணங்களை 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் குறிப்பிடுகிறது. ஒன்று 'ரயில்வே பொறுப்பு'. மற்றொன்று 'உடையவர் பொறுப்பு'. பின்னதில் சரக்குக்குச் சேதம் நேர்ந்தால், ரயில்வேயின் அசட்டையோ தவறோ காரணம் என்று மெய்ப்பித்தாலன்றி இழப்பீடு கிடையாது. இந்த இரண்டு சொற்களையும் பார்சல் குமாஸ்தாவாகிய நாம் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறோம். ஆயினும் அவற்றின் முழுப் பொருளை நமக்கு விளங்கவைத்தது நம் தமக்கையாரின் பொடிக் கடைதான்.

நாம் பத்தாம் வகுப்பு மட்டுமே தேறியவர். தந்தையார் பணியில் இருக்கையிலேயே காலமானதால், அவர் இடத்தில் ரயில்வேயில் நுழைந்து, கலாசியாக இருந்து குமாஸ்தா ஆனோம். அந்த நாட்களில் வீட்டைத் தாங்கியவர் தமக்கையார். 2020-ஆம் ஆண்டு அத்தானும் காலமானார். கட்கியில் இரண்டு அறை வீடு, பள்ளி செல்லும் இரு குழந்தைகள், கையில் அம்மாவிடம் கற்ற திருநெல்வேலிப் பக்குவம், இவ்வளவே அவரிடம் எஞ்சியிருந்தவை. தம்பியிடம் மாதப் பணம் வாங்கிக்கொள்ள அவர் மனம் ஒப்பவில்லை. இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, அப்பளம் ஆகிய நான்கையும் தயாரித்து விற்கத் தொடங்கினார்.

முதலில் சங்கத்துக் குடும்பங்களே வாங்கின. வாட்ஸாப்பில் செய்தி வரும். தமக்கையார் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார். மருமகன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பான். இருபது வீடுகள் வரையில் அது போதுமானதாக இருந்தது. பிறகு வெளியூர்களிலிருந்தும் கேட்கலாயினர். எனவே 2021-இல், பலரும் பொருள் விற்கும் பெரிய இணையச் சந்தை ஒன்றில் சேர்ந்தார். விற்பனை கூடியது உண்மை. ஆனால் கமிஷன், அனுப்பும் செலவு, திரும்பி வந்தவற்றின் செலவு எல்லாம் போக நின்றது சொற்பமே. அதைவிட அவரை வருத்தியது வேறொன்று. பொடி வாங்கியவர் யார், பிடித்திருந்ததா, காரம் மிகுந்துவிட்டதா என்று கேட்க வழியில்லை. வாடிக்கையாளர் சந்தைக்கு உரியவரேயன்றி அக்காவுக்கு உரியவர் அல்லர்.

"நமக்கென்று ஒரு கடை வேண்டும், தம்பி" என்றார். 2022-இல் ஓர் இளைஞரிடம் பணம் கொடுத்து இணையதளம் அமைத்தோம். நன்றாகவே அமைத்தார். நூற்று நாற்பது வாடிக்கையாளர் சேர்ந்தனர். 2023-ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாட்களுக்கு முன் ஒரு காலை, தளத்தைக் காணவில்லை. வலைமுகவரி அந்த இளைஞர் பெயரில் பதிவாகியிருந்தது. இடவாடகைக் கணக்கும் அவர் பெயரிலேயே இருந்தது. அவரோ வெளிநாடு போய்விட்டிருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் அவர் திறந்து பாராத மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. பதிவு நிறுவனத்தாரோ, "கணக்கு உங்களுடையது அன்று" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டனர். வறுத்து இடித்து வைத்த முப்பது கிலோ பொடி வீட்டில் இருந்தது. வாங்க விரும்பியவர்களின் பெயரும் விலாசமும் எங்கோ மறைந்துவிட்டன. அக்கா அழவில்லை. பொட்டலங்களை எடுத்து மறுபடி டின்களில் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியை நாம் மறக்கவில்லை.

அதன்பின் ஓராண்டு, இரவுப் பணி இல்லாத நாட்களில், இந்தக் கலையை நாமே படித்தோம். படித்து அறிந்தவற்றுள் குடும்பங்களுக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

இணையதளம் நடத்தப் பயன்படும் மென்பொருள்களில், மூலநிரலை எவரும் பார்க்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் உரிமை தரப்பட்டவை சில உண்டு. வேர்ட்பிரஸ், ஜூம்லா, துருபல் ஆகிய மூன்றும் அவ்வகையில் பெயர் பெற்றவை. வேர்ட்பிரஸின் பிறப்பே நமக்கு ஆறுதல் அளித்தது. 'பி2' என்ற மென்பொருளை எழுதியவர் அதைத் தொடராமல் விட்டபோது, அதனைப் பயன்படுத்தி வந்த மாட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் எடுத்துத் தொடர்ந்து 2003-இல் வேர்ட்பிரஸ் என வெளியிட்டனர். அதில் கடை வைக்க உதவும் வூகாமர்ஸ் என்ற செருகுநிரலும், 'ஜிகோஷாப்' என்ற முந்தைய ஒன்றிலிருந்து கிளைத்து 2011-இல் வந்ததே. ஆக்கியவர் அகன்றாலும் ஆக்கம் அழியாது என்பதே இவற்றின் சிறப்பு. அக்காவின் முதல் தளமும் வேர்ட்பிரஸில்தான் இருந்தது. மென்பொருள் நம்மைக் கைவிடவில்லை. சாவியைப் பிறரிடம் விட்டது நாம்தான்.

அத்தகைய தளத்தில் கடை வைக்க வழிகள் பல. நான்கைந்து பொருள்களே விற்பவர்களுக்குக் கடையே வேண்டியதில்லை. பக்கத்தில் பொருளின் படமும் விலையும் இட்டு, பணம் செலுத்தும் இணைப்பு ஒன்றை வைத்தால் போதும். 2016-இல் யு.பி.ஐ. வந்த பிறகு இது மிகவும் எளிதாயிற்று. இருப்புக் கணக்கும் விலாசக் கணக்கும் நோட்டிலேயே இருக்கும். மாதம் முப்பது, நாற்பது ஆர்டர்கள் வரை இதுவே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம்.

அதற்கு மேல் போனால் வூகாமர்ஸ். பொருள் பட்டியல், இருப்பு, வரி, ஊர்வாரியான அனுப்பும் கட்டணம், பொருள் கையில் சேர்ந்ததும் பணம் பெறும் முறை ஆகிய யாவும் அடிப்படையிலேயே உண்டு. அட்டை, யு.பி.ஐ. வழிப் பணம் பெற, நம் நாட்டுப் பண வழங்கீட்டு நிறுவனங்கள் தத்தம் செருகுநிரல்களைத் தருகின்றன. விற்பனையில் வூகாமர்ஸ் பங்கு கேட்பதில்லை. பணம் பெற்றுத் தரும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும்.

ஜூம்லா தளம் உடையவர்களுக்கு வெர்ச்சுமார்ட், ஹிகாஷாப் முதலியவை உண்டு. துருபலுக்கு 2011-இல் முதல் பதிப்பு கண்ட துருபல் காமர்ஸ் உண்டு. இது வலிமை மிக்கது. ஆனால் பொறியாளர் ஒருவர் அருகில் இல்லாமல் வீட்டார் ஆளக்கூடியது அன்று. நான்கு பொடி விற்க எக்ஸ்பிரஸ் என்ஜின் எதற்கு?

இன்னொரு வழி, ஷாப்பிஃபை போன்ற வாடகைக் கடையை வேறிடத்தில் வைத்து, அதன் 'வாங்குக' பொத்தானை மட்டும் நம் தளத்தில் பதிப்பது. பூட்டும் காவலும் அவர்கள் பொறுப்பு. மாத வாடகை நம் பொறுப்பு. விற்பனை இல்லாத ஆடி மாதத்திலும் அது நிற்காது. இதுதான் 'ரயில்வே பொறுப்பு'. கட்டற்ற மென்பொருளோ உடையவர் பொறுப்பு. "இதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை" என்று அதன் உரிமப் பத்திரமே கூறிவிடுகிறது. எது மேல் என்று பொதுவாகச் சொல்ல இயலாது. பொறுப்பை ஏற்க வீட்டில் ஆள் உண்டா என்பதே கேள்வி.

நாம் வூகாமர்ஸையே தேர்ந்தோம். கடைக்கு முகப்பு தேடியபோது ஒரு வியப்பு. உலகெங்கும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் பயன்படும் 'ஆஸ்ட்ரா' என்னும் முகப்பு வார்ப்பைச் செய்தவர்கள், பிரெயின்ஸ்டார்ம் ஃபோர்ஸ் என்ற நம் புனே நிறுவனத்தாரே! உலகம் முழுதும் தேடிக் கடைசியில் நம் தெருக்கோடியில் வந்து நின்றோம். அக்காவிடம் சொன்னபோது, "உள்ளூர்ச் சரக்கா? அப்படியானால் நம்பலாம்" என்றார்.

மென்பொருள் இலவசம் என்றதும் கடையே இலவசம் என்று எண்ணலாகாது. வலைமுகவரிக்கும் இடத்துக்கும் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். செருகுநிரல்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பழையதாக விட்டால் திருடர் நுழையும் ஓட்டையாகும். விலைக்குரிய செருகுநிரலைத் திருட்டுப் பிரதியாக வாங்கிப் பொருத்துவது, திருடனையே காவலுக்கு வைப்பதாகும். வாடிக்கையாளர் பட்டியலையும் தளத்தையும் வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். வாங்குபவரின் அட்டை எண்ணைக் கடைக்காரர் சேமித்து வைத்தல் ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2022 அக்டோபர் முதல் தேதியிலிருந்து கூடாது. பணம் பெறும் வேலையைப் பண நிறுவனத்தின் பக்கத்துக்கே விட்டுவிடுவது நலம்.

சட்டமும் உண்டு. உணவுப் பொருள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். வரிக்குரிய சரக்கை மாநில எல்லை கடந்து விற்றால், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். அப்பளத்துக்கு வரி இல்லை, பொடிக்கு உண்டு. 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள், குறை கேட்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பையும் தளத்தில் காட்டச் சொல்கின்றன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அக்காவின் கடையில் அந்த அலுவலரும் அக்காவே!

2024-ஆம் ஆண்டு விஜயதசமியன்று புதிய கடையை அக்காவிடம் காட்டினோம். படங்களைப் பார்த்தார், விலைகளைச் சரிபார்த்தார், எள்ளுப் பொடியை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டார். பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் யார் பெயரில் இருக்கிறது, தம்பி?"

நாம் வாயடைத்து நின்றோம். வலைமுகவரி நம் பெயரில் இருந்தது. இடவாடகைக் கணக்கு நம் மின்னஞ்சலில், கடவுச்சொல் நம் நினைவில். அந்த இளைஞரைக் குறை கூறிய நாம், அதே காரியத்தை அன்பின் பெயரால் செய்திருந்தோம். போதாக்குறைக்கு, நாம் ரயில்வே ஊழியர். 1966-ஆம் ஆண்டின் ரயில்வே பணியாளர் நடத்தை விதிகளின்படி, அரசின் அனுமதியின்றி நாம் வியாபாரம் செய்யலாகாது. அக்காவின் உழைப்பு, நம் பெயரில் நிற்பது அவருக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

"உனக்கு நாளைக்கே பூசாவலுக்கு மாற்றல் வந்தால் நான் யாரிடம் போவேன்?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை.

அன்று மாலையே எல்லாவற்றையும் அவர் பெயருக்கு மாற்றத் தொடங்கினோம். கடவுச்சொல்லை அவரே யோசித்து அமைத்தார். நம்மைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் தட்டினார். பழைய ஆர்டர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை எழுதி, ரேஷன் கார்டும் அத்தானின் பத்திரங்களும் உள்ள மரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். புதுப்பிப்பதும் பிரதி எடுப்பதும் கற்றுக்கொள்ள அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பத்தாவது படிக்கும் மகள் உடனிருந்து பழகிக்கொண்டாள்.

நம் சங்கத்தில் ஊறுகாய் போடுகிறவர்கள், முறுக்குச் சுற்றுகிறவர்கள், புடவைக்கு ஜாக்கெட் தைக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் எந்த வழியில் கடை வைத்தாலும் சரியே. யாராவது அமைத்துக் கொடுத்தால், தம்பியே ஆனாலும், அக்கா கேட்ட அந்த ஒரு கேள்வியை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இப்போது அக்காவின் பொட்டலங்கள் அவ்வப்போது நம் பார்சல் ஆபீஸ் வழியாகவும் போகின்றன. அவற்றை மட்டும் நாம் கையாளுவதில்லை. சக ஊழியரே நிறுத்து ரசீது போடுவார். அனுப்புபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர் இருக்கிறது.