கடைசிப் படகும் நினைவட்டையும்

நீளம் 15 மில்லிமீற்றர், அகலம் 11, தடிப்பு ஒன்று. சுண்டுவிரல் நகத்தின் பருமனேயுள்ள ஒரு பொருளை வாங்குவதற்காக ஒரு சனிக்கிழமை முழுவதையும், ஒரு சிறுவனுடைய நான்கு மாத உழைப்பையும் நாங்கள் செலவிட்டோம். கையில் வைத்து விளையாடும் ஓர் இயந்திரத்துக்கான நினைவட்டை அது. கடைக்காரர் மொழியில் மெமறி காட். விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுத இந்தச் சஞ்சிகையில் இடமுண்டா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் முதலில் அப்படித்தான் எண்ணினேன்.

நெடுந்தீவில் கணிதம் கற்பிப்பவன் நான். அரசாங்கத்தின் பதிவேட்டில் இது கஷ்டப் பிரதேசம். என் மாணவனுக்குப் பதினைந்து வயது. தகப்பனார் கடற்றொழிலாளி. எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் அவருடைய வலைகளை இரண்டு தடவை அறுத்துக்கொண்டு போயின. (அந்த இழுவைப் படகுகளில் நிற்பவர்களும் கூலிக்கு வந்த தமிழ்த் தொழிலாளிகள்தாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது, படகின் சொந்தக்காரர் கரையிலேயே இருக்கிறார்.) பையன் விடியற்காலையில் கரைக்குப் போய், வலையிற் சிக்கிய நண்டுகளைக் கால் முறியாமல் கழற்றிக் கொடுப்பான். கால் முறிந்த நண்டுக்கு விலை குறைவு. ஆகவே அது பொறுமையும் நுட்பமும் வேண்டிய வேலை. அதிற் கிடைத்த சில்லறையைத்தான் அவன் சேர்த்து வைத்திருந்தான்.

இயந்திரம் கனடாவிலிருந்து வந்தது. மாமன் விடுமுறையில் வந்தபோது, தம் பிள்ளைகள் விளையாடி அலுத்துப்போன நின்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டுவந்து மருமகனிடம் கொடுத்திருந்தார். 2017 மார்ச்சில் சந்தைக்கு வந்த பொருள் அது. அதன் உள்நினைவகம் 32 ஜிகாபைட். அதிலும் ஒரு பகுதியை இயந்திரமே தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. பெரிய ஆட்டமொன்று 15, 20 ஜிகாபைட்டைச் சாதாரணமாக விழுங்கிவிடும். மாமன் தமது கணக்கில் ஏழு ஆட்டங்களை வாங்கி வைத்திருந்தார். அவற்றை இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ள வேண்டும்.

நகரத்துப் பிள்ளைக்கு இது ஒரு பிரச்சினையே அல்ல. ஓர் ஆட்டத்தை அழித்துவிட்டு இன்னொன்றை இறக்குவான். வேண்டியபோது பழையதை மீண்டும் இறக்குவான். வீட்டுக்குள்ளே குழாய் வரும் ஒருவன் குடம் வைத்திருக்க வேண்டியதில்லை அல்லவா? எங்கள் தீவிலோ கைத்தொலைபேசியின் சமிக்ஞை காற்றின் திசைக்கேற்ப வந்து போகும். அதில் ஒரு ஜிகாபைட் இறக்குவதற்கும் காசு. யாழ்ப்பாணத்திலே, கொக்குவிலில், பையனின் பெரியம்மா வீட்டில் கம்பி இணைப்பு உண்டு. அங்கே ஓரிரவு தங்கி ஏழையும் ஒரே முறையில் நிரப்பிக்கொண்டு வரவேண்டும். ஊற்றுக்குத் தூரமாயிருப்பவனுக்குத்தான் பெரிய பாத்திரம் தேவை. நல்ல தண்ணீருக்குத் தீவகம் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கொள்ளளவு கூடிய அட்டை என்பதை ஆடம்பரம் என்று நினைத்திருந்த நான், அந்தப் பையன் விரல்விட்டு எண்ணிக் காட்டியபோதுதான் வாயடைத்துப் போனேன்.

எனக்கும் ஓர் அனுபவம் நினைவுக்கு வந்தது. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடையின்போது, நான் குடாநாட்டில் மாணவனாயிருந்தேன். பற்றரிகள் தடைசெய்யப்பட்டிருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை எங்களுடையது. செய்தி முடியும்வரை தம்பியும் நானும் மாறிமாறிச் சுற்றுவோம். கிடைக்கும்போது சேமித்துவை என்பதை எவரும் எங்களுக்குப் புத்தகத்திற் கற்பிக்கவில்லை.

சனிக்கிழமை அதிகாலைப் படகில் புறப்பட்டோம். மாவிலித்துறையில், குமுதினிப் படகில் 1985 மே 15 ஆம் திகதி வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்தைக் கடந்துதான் எவரும் படகேற வேண்டும். அதைப் பற்றிப் பையனுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவன் ஒவ்வோர் ஆண்டும் அங்கே விளக்கேற்றுபவன். குறிகட்டுவானில் இறங்கிப் பஸ் பிடித்து, புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டிப் பண்ணைப் பாலத்தைக் கடந்து பட்டினம் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

இரண்டு கடைகளுக்குப் போனோம். முதற் கடையில் 128 ஜிகாபைட் அட்டையொன்றைக் காட்டினார்கள். பற்றுச்சீட்டும் உத்தரவாதமும் உண்டு. விலை, பையனின் கையிலிருந்த பணம் ஏறக்குறைய முழுவதும். இரண்டாவது, சந்தடிமிக்க தெருவில் ஒரு சின்னக் கடை. அங்கே அதே பணத்துக்கு 512 ஜிகாபைட்! பெயர்பெற்ற கம்பனியொன்றின் பெயர் அச்சிட்ட பளபளப்பான உறை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பையன் என் சட்டையை மெல்ல இழுத்து, "சேர், முதல் கடையிலையே வாங்குவமோ?" என்றான். நான் கணித ஆசிரியன். ஒரு ஜிகாபைட்டுக்கு எத்தனை ரூபா என்று மனத்தில் வகுத்துப் பார்த்தேன். "தம்பி, நாலிலை ஒரு பங்கு விலைக்கு வருது. கணக்குப் பிழைக்காது," என்று சொல்லி அவனுடைய சந்தேகத்தை அடக்கிவிட்டேன். பற்றுச்சீட்டுக் கேட்கவும் தோன்றவில்லை. மணி பார்த்தேன்; கடைசிப் படகைத் தவறவிட்டால் குறிகட்டுவானில் எனக்குத் தங்க இடமில்லை. பையனைக் கொக்குவிலுக்கு அனுப்பிவிட்டு நான் திரும்பினேன்.

திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வந்தபோதே முகம் வாடியிருந்தது. ஏழு ஆட்டங்களும் இறங்கியதாகத்தான் இயந்திரம் காட்டியது. வீட்டுக்கு வந்து திறந்தால் முதலாவது ஓடுகிறது; மற்றவை 'தரவு சிதைந்துள்ளது' என்று சொல்லி நின்றுவிடுகின்றன. எதுவரை விளையாடினான் என்ற பதிவு அட்டையில் அன்றி இயந்திரத்தின் உள்ளேயே இருப்பதால், அது மட்டும் தப்பியது.

அதன் பின்னர்தான் நான் படித்தறிந்தேன். இவ்வட்டைகளின் உள்ளே நினைவகச் சில்லோடு, அதை ஆளும் சிறு கட்டுப்பாட்டுச் சில்லும் இருக்கிறது. 'உன் கொள்ளளவு என்ன?' என்று கணினி கேட்டால் பதில் சொல்வது இந்தக் கட்டுப்பாட்டுச் சில்லுதான். மோசடிக்காரர் 32 ஜிகாபைட் நினைவகத்தை வைத்து, 512 என்று பதில் சொல்லும்படி அதற்குப் பாடம் புகட்டிவிடுகிறார்கள். கேட்கிற இயந்திரம் நம்பிவிடுகிறது. உண்மையான எல்லை கடந்ததும், எழுதப்படுவது எங்கேயும் பதிவதில்லை. அல்லது முன்னே எழுதியதன் மேலேயே விழுகிறது. எழுதும்போது ஒரு முறைப்பாடும் வராது. திருப்பி வாசிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

ஆகவே சோதனைக்கு உறுதியான வழி, அட்டையை முழுவதும் நிரப்பித் திரும்ப வாசித்துப் பார்ப்பதுதான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. ஜேர்மன் கணினிச் சஞ்சிகையொன்று இலவசமாகவே வழங்கியது. எஃப்3 என்றும் ஒன்றுண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: செக்கனுக்கு 20 மெகாபைட் வீதம் எழுதினால் 512 ஜிகாபைட்டை நிரப்ப ஏழு மணித்தியாலம் வேண்டும், வாசிக்க மேலும் சில மணித்தியாலம். கடை வாசலில் நின்று செய்யக்கூடிய காரியமா இது? பட்டினத்தில் வீடுள்ளவன் மறுநாட் காலை திரும்பி வந்து சண்டை பிடிப்பான். கடைசிப் படகைப் பிடிக்க ஓடுகிறவன் என்ன செய்வான்? மோசடியின் இலாபம் இந்த ஓட்டத்திலேதான் இருக்கிறது.

மறுவாரம் நான் தனியே அந்தக் கடைக்குப் போனேன். வாய்ச்சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நின்றவன் இருபது வயதும் நிரம்பாத நாட்கூலிப் பையன். "ஐயா, முதலாளி கொழும்பிலையிருந்து பெட்டியாக் கொண்டாறார். எனக்கு என்ன தெரியும்? துண்டு இருக்கோ?" என்றான். துண்டு இருக்கவில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். கையிற் சீட்டில்லாமல் எதைச் சொல்லி முறையிடுவது? அந்தப் பையனைத் திட்டவும் மனம் வரவில்லை. அவனுடைய நாட்கூலி என் மாணவனின் நண்டுக் கூலியைவிட அதிகம் இருக்காது.

முதலாளியின் மீது பழியைப் போட்டுவிட்டு ஓய்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. இந்த நினைவகத்தின் பூர்வீகத்தைத் தேடினேன். மின்சாரம் நின்ற பிறகும் மறக்காத இந்த ஃபிளாஷ் நினைவகத்தை 1980களில் கண்டுபிடித்தவர் தோஷிபா கம்பனியில் வேலைசெய்த ஃபூஜியோ மாசுஓகா என்னும் பொறியியலாளர். உலகம் முழுவதும் பலகோடி டொலருக்கு விற்பனையாகும் அப்பொருளுக்காகத் தமக்குரிய பங்கைக் கேட்டு அவர் தமது பழைய கம்பனிமீதே 2004 இல் வழக்குத் தொடர வேண்டியிருந்தது. 100 கோடி யென் கேட்டார். 2006 இல் 8 கோடி 70 இலட்சம் யென்னுக்குச் சமரசம் ஏற்பட்டது. தோஷிபாவிலிருந்து பிரிந்த அந்த நினைவகக் கம்பனி 2019 இல் கியோக்ஸியா என்று பெயர் பூண்டது. ஜப்பானிய மொழியில் 'நினைவு' என்னும் சொல்லையும் கிரேக்கத்தில் 'மதிப்பு' என்னும் சொல்லையும் இணைத்த பெயராம். நினைவும் மதிப்பும்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

சட்டபூர்வமான கொள்ளையும் உண்டு. 2011 இன் இறுதியில் ஜப்பானில் வெளிவந்த சோனி கம்பனியின் வீட்டா என்னும் கையடக்க இயந்திரத்துக்கு, அக்கம்பனியே தயாரித்த தனிவகை அட்டையைத் தவிர வேறொன்றும் பொருந்தாது. 2012 இல் அமெரிக்காவில் அதன் 32 ஜிகாபைட் அட்டை 100 டொலர். பொதுச்சந்தை அட்டைகளின் விலையோ அதைவிட மிகக் குறைவாயிருந்தது. ஸ்விட்ச் பொதுவகை அட்டையை ஏற்றது ஒரு முன்னேற்றந்தான். ஆனால் 2025 ஜூனில் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ஆட்டங்களைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்னும் புதுவகை அட்டைதான் வேண்டும். பழைய அட்டையிலிருந்து படங்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கனடாவில் பிள்ளைகள் பழையதை மாமனிடம் ஏன் கொடுத்துவிட்டார்கள் என்பது இப்பொழுது விளங்குகிறது.

அன்று வெறுங்கையோடு திரும்பும்போது யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வாசலில் சிறிது நேரம் நின்றேன். 1981 ஜூன் முதலாந் திகதி விடியுமுன் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். வகுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் என்னை விடவில்லை. படமாக்கிய நூலொன்றுக்குப் பத்து மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 970 ஜிகாபைட். ஒரு ரெறாபைட் அட்டை ஒன்று போதும்; சட்டைப்பையின் மூலையில் கிடக்கும். 2005 இலிருந்து நூலகம் என்னும் இணைய நூலகத்தினர் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் வாசிக்கத் தந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய காரியந்தான். ஆனால் எரிந்தவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அவற்றை எந்த அட்டையில் இறக்குவது? அந்த இடத்தில் நிற்கும்போது, 512 என்று பொய் சொல்லி உள்ளே வெற்றிடத்தை வைத்திருந்த அந்தத் துண்டின்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சம் அளவுக்கு மீறியதாகத்தான் இருந்தது.

பையனுக்கு நானே ஒன்று வாங்கிக் கொடுக்க முன்வந்தேன். தாயார் இடம் கொடுக்கவில்லை. "நீங்கள் என்ன செய்வியள் மாஸ்ரர், தெரியாமல் நடந்தது. அவன் உழைச்சு வாங்கட்டும். உங்கடை சம்பளம் என்ன மலையே?" என்று சொல்லித் தேநீர் தந்தார். தெரியாமல் நடந்ததா? பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் அதை வீட்டிற் சொல்லவேயில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

மூன்று மாதம் கழிந்தது. நண்டுப் பருவம் அவ்வளவு நன்றாக இல்லை. ஒரு சனிக்கிழமை பையன் தனியாகவே பட்டினம் போய், அந்த முதற் கடையிலேயே 128 ஜிகாபைட் அட்டையைப் பற்றுச்சீட்டோடு வாங்கினான். ஏழு ஆட்டங்களுக்கு அது போதாது. எந்த நான்கு என்று முன்னரே எழுதி வைத்திருந்தான். பெரியம்மா வீட்டுக் கணினியில் இரவு முழுவதும் சோதனை ஓடவிட்டிருக்கிறான். காலையில் என் தொலைபேசிக்கு ஒரு படம் வந்தது. கணினித் திரையில் அட்டையின் கொள்ளளவு: 119 ஜிகாபைட்.

எனக்குத் திக்கென்றது. மறுபடியும் மோசம் போய்விட்டான் என்று உடனே அழைத்தேன். "தம்பி, ஒன்பது குறையுது! துண்டைக் கொண்டு உடனை கடைக்குப் போ," என்றேன்.

மறுமுனையில் சிரிப்பு. "இல்லை சேர். அவங்கள் ஆயிரம் ஆயிரமாப் பெருக்கி 128 எண்டு எழுதுறாங்கள். கணினி ஆயிரத்து இருபத்து நாலு ஆயிரத்து இருபத்து நாலா வகுக்குது. மூண்டு தரம் வகுத்துப் பாருங்கோ."

கடதாசியும் பேனையும் எடுத்து வகுத்தேன். 119.2 வந்தது.