நாற்றின் வயது

கார், பிசானம் என்னும் இரு போகங்களைக் கண்டு வளர்ந்த தாமிரபரணிக் கரையினருக்கு நாற்றின் வயது சிறிய செய்தியன்று. குறுகிய கால நெல்லுக்கு ஏறக்குறைய 20 நாள், மத்திய கால நெல்லுக்கு 25 முதல் 30 நாள் என்பது கணக்கு. மிக இளநாற்றை நட்டால் நீர் தேங்கிய வயலில் அழுகும். முற்றவிட்டு நட்டால் பச்சை பிடிக்கும், ஆனால் போதிய தூர் கட்டாது. கிரிக்கெட்டில் ஓர் இளைஞனை எப்போது மேல்நிலை அணிக்கு உயர்த்துவது என்ற கேள்வி எழும்போதெல்லாம் நமக்கு நாற்றங்கால்தான் நினைவுக்கு வருகிறது.

2025 ஏப்ரலில் வைபவ் சூரியவன்ஷி 14 வயதில் ஐ.பி.எல். ஆட்டத்தில் இறங்கி, அதே மாதம் 35 பந்துகளில் சதமடித்தபோது நாம் வியந்தோம். வியப்பினூடே ஓர் அச்சமும் எழுந்தது. அவ்வச்சத்துக்குத் தமிழகத்தில் ஒரு பெயர் உண்டு: லட்சுமண் சிவராமகிருஷ்ணன். 1983இல் 17 வயதில் டெஸ்ட் ஆடப் புகுந்தவர். 1984இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தவர். 1986 ஜனவரியில், 20 வயதில், அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிந்தது. மொத்தம் 9 டெஸ்டுகள், 26 விக்கெட்டுகள்.

சீக்கிரம் ஏற்றியதால் கெட்டார் என்பது வழக்கமான தீர்ப்பு. ஏற்றியதே பிழையென்றால் மும்பையின் 12 விக்கெட்டுகள் எங்கிருந்து வந்தன? மறுபக்கம் பத்ரிநாத்தைப் பாருங்கள். முதல்தர ஆட்டங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்கள், 54ஐத் தாண்டிய சராசரி. டெஸ்ட் வாய்ப்பு வந்தது 2010இல், 29 வயதில். முதல் ஆட்டத்தில் 56 அடித்தார். இரண்டே டெஸ்டுகளோடு கதை முடிந்தது. முந்தியவரும் பிந்தியவரும் ஒரே இடத்தில்தான் நின்றுபோனார்கள்.

காத்திருக்க வைப்பதெல்லாம் பக்குவம் கருதித்தான் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்க பேஸ்பாலில் ஆறு ஆண்டுகள் ஆடிய பிறகே வீரர் தம் விருப்பப்படி அணி மாறலாம். 2015இல் சிகாகோ கப்ஸ் அணி கிரிஸ் பிரையன்டைப் பருவத் தொடக்கத்தில் சில நாள் கீழ்நிலை அணியிலேயே வைத்திருந்தது. முழு ஆண்டுக் கணக்குக்கு ஒருநாள் குறைந்தது. அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. தடுப்பாட்டம் தேற வேண்டும் என்றது அணி. அவரோ அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரரானார். முறையீட்டில் 2020இல் அணிக்கே சாதகமாகத் தீர்ப்பு வந்தது. சட்டப்படி சரி, இளமையின் ஓராண்டை யார் திருப்பித் தருவார்?

எனினும் அவ்விளையாட்டில் நாம் கற்க வேண்டிய ஒன்றுண்டு. மேலே சென்ற இளைஞன் தடுமாறினால் கீழே வந்து, குறையைச் சரிசெய்துகொண்டு மீண்டும் ஏறுவது அங்கே அன்றாட நிகழ்வு. நம்மிடையே அதற்கு 'நீக்கம்' என்று பெயர். சொல்லிலேயே வாசல் அடைபட்டுவிடுகிறது.

2016இல் தொடங்கிய டி.என்.பி.எல். தொடரில் நம் சங்கர் நகர் மைதானமும் ஆடுகளமாயிற்று. சென்னைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு நடுப்படி. அத்தொடரில் ஆடிய இருவர் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் ஒரே நாளில் தம் முதல் டெஸ்டில் இறங்கினர். வாஷிங்டன் சுந்தருக்கு 21 வயது. 18 வயதிலேயே இந்தியாவுக்காக ஆடியவர். சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு 29. டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் மும்மூன்று விக்கெட்டுகள். வயது அளவுகோலன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கீழ்நிலையில் கற்க வேண்டியது தீர்ந்துவிட்டதா என்பதே முதற்கேள்வி. தீர்ந்துவிட்டதென்றால் ஒருநாளும் தாமதிக்கலாகாது. தடுமாறினால் தலை குனியாமல் திரும்பிவர வழியிருக்கிறதா என்பது அடுத்தது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர் ஆடும் பிள்ளையல்லர். ஏற்றிவிட்டவரும், கைதட்டிய நாமும்தான். பறித்த நாற்று நாற்றங்காலுக்குத் திரும்ப முடியாது. மனிதப் பிள்ளை திரும்பலாம், நாம் இடம் கொடுத்தால்.