கண்டிக்கோட்டைக்கு மறுபடியும்

மேடே பார்க்காத காரைக்கால்காரன் நான். பிரெஞ்சில் 'கோர்ஜ்' என்றால் தொண்டை. மலையிடுக்குக்கும் அதே சொல்தான். பள்ளிக்கூடத்தில் படித்தது, கடப்பை மாவட்டத்துக் கண்டிக்கோட்டையில்தான் விளங்கியது. தெலுங்கில் 'கண்டி' என்றாலும் மலையிடுக்கே. நந்தி மலையில் பிறக்கும் வடபெண்ணை, வறண்ட எர்ரமலையை அறுத்துக்கொண்டு சுமார் 300 அடி ஆழத்தில் ஓடுகிறது.

1988இல் குமாஸ்தா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு பாறை பாறையாக ஆறு வரை இறங்கினேன். அவள் போய் ஆறு வருஷமாகிறது.

சென்ற ஜனவரியில் பேரனோடு போனேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஜும்மா மசூதியைத் தாண்டி, விளிம்புப் பாறையில் உட்கார்ந்துகொண்டேன். அவன் மட்டும் இறங்கினான். ரொம்ப நேரம் கழித்து, நனைந்த பேண்ட்டோடு ஏறி வந்தான்.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கு தாத்தா!"

அன்றைக்கு அவன் பாட்டி சொன்னதும் அதேதான்.